சிற்றன்னையை வில்லியாக்காத ஒரு தொடர்: ஜூன் மாத நாட்குறிப்பு

1 ஜூன் 2025, ஞாயிற்றுக்கிழமை

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டதால் துணைப்பாட வகுப்புகள் இல்லை. நெடுநாளாக மனத்தில் இருக்கும் அரைமணி நேர நகைச்சுவைத் தொடரின் முதல் பகுதியை இந்த மாதம் எழுதி முடித்து, நம் தமிழ் ஒளிவழிக்கு அனுப்பிவிடுவதென்று உட்கார்ந்திருக்கிறேன். மணமுறிவு பெற்ற, பிள்ளைகள் உள்ள ஒருவரை மணந்துகொண்டு சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்கு வாழ வரும் இளம்பெண்ணின் கதை அது. எழுதத் தொடங்குமுன், இதே களத்தில் அமைந்த அமெரிக்கத் தொடரான ‘டிராஃபி ஒய்ஃப்’பை மறுபடியும் முதலிலிருந்து பார்த்து வருகிறேன். ஏபிசி தொலைக்காட்சி நிறுவனம் 2013 செப்டம்பரில் தொடங்கி, பார்வையாளர் எண்ணிக்கை போதாமல் 22 பகுதிகளோடு 2014இல் நிறுத்திவிட்ட தொடர் அது.

கேட் என்னும் இளம்பெண் கரோக்கே கூடம் ஒன்றில் பீட் என்னும் வழக்கறிஞர்மேல் தவறி விழுந்து அவர் மூக்கை உடைத்துவிடுகிறாள். மருத்துவமனைக்குப் போனால், அவருடைய முன்னாள் மனைவியர் இருவரும் அங்கே வந்து நிற்கிறார்கள். ஓராண்டுக்குப் பின் கேட் அவருடைய மூன்றாவது மனைவி. முதல் மனைவி டயானுக்கு வளர்ந்த இரட்டைப் பிள்ளைகள். இரண்டாம் மனைவி ஜாக்கிக்குத் தத்தெடுத்த சிறுவன் ஒருவன். தொடரை உருவாக்கிய இருவரில் ஒருவரான சாரா ஹாஸ்கின்ஸ், பிள்ளைகள் உள்ள, தம்மைவிட மூத்த ஒருவரை மணந்தவர். வெளியிலிருந்து வேடிக்கை பார்த்து எழுதியதல்ல என்பது முதல் பகுதியிலேயே தெரிந்துவிடுகிறது.

3 ஜூன் 2025, செவ்வாய்க்கிழமை

அதே ஏபிசி 1969 முதல் 1974 வரை ஒளிபரப்பிய ‘தி பிராடி பன்ச்’ தொடரின் சில பகுதிகளையும் இன்று ஒப்பிட்டுப் பார்த்தேன். மூன்று மகன்களின் தந்தையும் மூன்று மகள்களின் தாயும் மணந்துகொள்கிறார்கள். தந்தையின் முதல் மனைவி இறந்துவிட்டவர். தாயின் முதல் கணவர் என்ன ஆனார் என்பதைத் தொடர் கடைசிவரை சொல்லவே இல்லை. பழைய துணை யாரும் வாசலில் வந்து நிற்கமாட்டார் என்னும் உறுதி இருந்துவிட்டால் புதிய தாய்க்கு வேலை எளிது. கேட்டுக்கு அந்த வசதி கிடையாது. முன்னாள் மனைவியர் இருவரும் அவள் வீட்டுக்குள் உரிமையோடு வந்து போகிறார்கள். என் கதைக்கும் அப்படிப்பட்ட வாசல்தான் வேண்டும்.

7 ஜூன் 2025, சனிக்கிழமை

முதல் பகுதியில் வரும் தண்ணீர்ப் புட்டிக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பதின்ம வயது மகள் ஹிலரி தண்ணீர்ப் புட்டியில் வோட்கா வைத்திருப்பதைக் கேட் கண்டுபிடித்துவிடுகிறாள். டயானிடம் அது சிக்கப்போகும் நேரத்தில், மகளைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல், புட்டியில் உள்ளதை மடமடவென்று தானே குடித்துத் தீர்த்துவிடுகிறாள். நாம் சிரிக்கிறோம், ஆனால் அவள் பெற்றவள் இல்லை என்பதற்காகச் சிரிக்கவில்லை. பெற்றவள் கண்டிக்கவேண்டிய இடத்தில், வந்து சேர்ந்தவள் பிள்ளையின் நம்பிக்கையை இழக்கவும் அஞ்சுகிறாள், தாயை ஏமாற்றவும் அஞ்சுகிறாள். அந்த இரண்டு அச்சங்களுக்கு நடுவில் அவள் படும் பாடு நம்மைச் சிரிக்க வைக்கிறது. கேட் பாத்திரத்தில் வரும் மாலின் ஆக்கர்மன் அதைத் துளியும் மிகைப்படுத்தாமல் நடித்திருக்கிறார். பின்னணிச் சிரிப்பொலி இல்லாத தொடர் என்பதால் எங்கே சிரிப்பது என்று நம்மை யாரும் தூண்டுவதும் இல்லை.

டயானாக நடிப்பவர் மார்சியா கே ஹார்டன், ‘பொல்லாக்’ படத்துக்காக ஆஸ்கர் விருது வாங்கியவர். மருத்துவர், ஒலிம்பிக் விளையாட்டு வீராங்கனையாக இருந்தவர், பார்வையாலேயே கேட்டை நடுங்க வைப்பவர் என்று டயான் பாத்திரத்தை அமைத்திருக்கிறார்கள். இவ்வளவு கடுமையான ஒருவரை ஒரு பகுதியில்கூட வெறுக்க முடியவில்லை, ஏனென்றால் அவருடைய கடுமை எல்லாம் பிள்ளைகள்மேல் உள்ள கவலையிலிருந்து வருகிறது. நகைச்சுவைத் தொடரில் வில்லி வேண்டும் என்று சொல்பவர்களிடம் இந்தப் பாத்திரத்தைக் காட்ட விரும்புகிறேன்.

10 ஜூன் 2025, செவ்வாய்க்கிழமை

நம் கதைகளில் துருவனைத் தந்தையின் மடியில் உட்காரவிடாமல் விரட்டிய சுருசி முதல் இன்றைய நெடுந்தொடர்கள் வரை, சிற்றன்னை என்றாலே கொடுமைக்காரி என்று ஆகிவிட்டது. அந்த வரிசையின் தலைமகளாகக் கைகேயியைச் சொல்வார்கள். ஆனால் கம்பனின் கைகேயி, மந்தரை வந்து எழுப்பும்போது, இராமனைப் பெற்ற எனக்கு என்ன துன்பம் வந்துவிடும் என்றுதான் கேட்கிறாள். முடிசூட்டுச் செய்தி கேட்டு மகிழ்ந்து மந்தரைக்கு மாலையும் பரிசளிக்கிறாள். மனம் திரிவதற்கு முன்னிருந்த அந்தத் தாயை நாம் ஏன் எழுதாமல் விட்டோம் என்பதுதான் என் ஆதங்கம்.

15 ஜூன் 2025, ஞாயிற்றுக்கிழமை

தந்தையர் தினம் என்பதால் அப்பாவின் ஈசூன் வீட்டில் எல்லாரும் கூடினோம். அப்பாவும் அம்மாவும் பிரிந்தபோது நான் தொடக்கநிலை இரண்டில் படித்தேன். அடுத்த சில ஆண்டுகளில் அப்பா மறுமணம் செய்துகொண்டு சின்னம்மாவை அழைத்துவந்தார். வார நாளில் அப்பா வீடு, வார இறுதியில் ஜூரோங் வெஸ்ட்டில் அம்மா வீடு, விடுமுறையில் பாதி பாதி என்று எங்கள் அட்டவணை ஓடியது.

குளிர்பதனப் பெட்டியின்மேல் சின்னம்மா வைத்திருந்த பயிற்சிப் புத்தகத்தை இன்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு எழுதியவை அதில் இருக்கின்றன: தம்பிக்கு முட்டை ஒவ்வாது; இருமல் வந்தால் கற்பூரவல்லி; பாப்பா தூக்கத்தில் பல்லைக் கடிப்பாள், பயப்பட வேண்டாம். எல்லாம் நீல மையில், சற்றே சாய்ந்த எழுத்து. நடுவில் ஒரு பக்கம் மட்டும் அம்மாவின் கையெழுத்தில் இருக்கிறது. மருந்தின் அளவைச் சின்னம்மா தவறாக எழுதிவிடக்கூடாது என்று ஒருநாள் புத்தகத்தை வாங்கித் தாமே எழுதிக் கொடுத்தாராம். எண்ணெய்க் கறை படிந்த அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் என் தொடரின் இரண்டு பெண்களும் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெளிந்துவிட்டது. ஒருத்தி கேட்கத் தயங்கமாட்டாள். மற்றவள் சொல்லிக்கொடுப்பதை நிறுத்தமாட்டாள்.

17 ஜூன் 2025, செவ்வாய்க்கிழமை

நான்கு காட்சிகள் எழுதினேன். பெற்றோர் ஆசிரியர் சந்திப்பில் ஆசிரியர் இரண்டு நாற்காலிகளைப் போட்டிருக்க, மூன்று பேர் வந்து நிற்கும் காட்சி நன்றாக வந்திருக்கிறது.

22 ஜூன் 2025, ஞாயிற்றுக்கிழமை

எழுதியதைச் சின்னம்மாவிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் படித்தார். நாற்காலிக் காட்சியில் வாய்விட்டுச் சிரித்தவர், முதல் மனைவி கீழ்த்தளத்திலேயே நின்று பிள்ளைகளின் பைகளை ஒப்படைத்துவிட்டுப் போகும் காட்சியில் நிறுத்திவிட்டார். “உங்கம்மா என்றைக்காவது கீழேயே நின்றார்களா, பாப்பா? மேலே வந்து, குழம்பில் உப்புப் பார்த்து, நாலு குறை சொல்லிவிட்டுத்தானே போவார்கள்?” என்று கேட்டார்.

இரவு அந்தக் காட்சியை அடுக்களைக்கு மாற்றி எழுதினேன். படப்பிடிப்புக்கு ஓர் இடம் குறைந்தது. கரண்டி கைமாறும்போது இருவருக்கும் கூடுதலாக ஆறு வரி வசனம் கிடைத்தது. அனுப்புவதற்கு முன் அம்மாவும் படித்துவிட வேண்டும், ஆகவே வரும் சனிக்கிழமை ஜூரோங் வெஸ்ட்டுக்குப் போகிறேன். தாமும் உடன் வருவதாகச் சின்னம்மா சொல்லியிருக்கிறார்.