பிரேசில் தெருக்களில் மோர்மன் இளைஞர்கள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு, 18 வயதில் 24 மாத மதப்பரப்பு ஊழியத்துக்காகப் பிரேசிலுக்குப் புறப்படும், மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையின் இளைஞர்கள் மீது எனக்கு உண்மையான மரியாதை உண்டு. வழக்கமாகக் காலை 6.30 மணிக்கு எழுந்து, உடற்பயிற்சி, ஜெபம், வேத வாசிப்பு, போர்த்துகீசிய மொழிப் பாடம் ஆகியவற்றை முடித்துவிட்டு, வெள்ளைச் சட்டையும் டையும் மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டையுமாக வெயிலில் இறங்குகிறார்கள். அந்நாட்டில் பல வீடுகளுக்கு மதிற்சுவரும் இரும்புக் கதவும் இருப்பதால், தெருவில் நின்று கைதட்டித்தான் ஆட்களை அழைக்க வேண்டும். உள்ளங்கை சிவக்கத் தட்டியும் யாரும் எட்டிப் பார்க்காத வாசல்கள் உண்டு. சம்பளம் கிடையாது; செலவைப் பெரும்பாலும் குடும்பமோ சொந்தச் சேமிப்போ தாங்குகிறது.

சபை குறித்துக் கொடுக்கும் துணை ஊழியரை விட்டுத் தனியே எங்கும் போகக் கூடாது என்பதுதான், என் பார்வையில், இருப்பதிலேயே கடினமான விதி: முன்பின் அறியாத ஒருவரோடு ஒரே அறையில் தங்கி, ஒன்றாகச் சமைத்து, மனத்தாங்கல் வந்தாலும் இரவு 10.30க்கு விளக்கணைக்கும்வரை கூடவே இருக்க வேண்டும். 2019 பிப்ரவரி வரை, கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டுமே வீட்டாரோடு தொலைபேசியில் பேச முடிந்தது; இப்போது துணி துவைக்கவும் கடைக்குப் போகவும் ஒதுக்கிய வாராந்தர ஆயத்த நாளில் பெற்றோரின் முகம் பார்த்தே பேசலாம். இந்த மாற்றத்தைச் சபை இன்னும் முன்பே செய்திருக்கலாம் என்று கருதுகிறேன். மகனின் குரலைக் கேட்கத் தாய்மார்கள் மாதக்கணக்கில் காத்திருந்தது தேவையற்ற வேதனை.