ஆபரேஷனுக்கு முன்னால் கீமோ ஏன்?

இரைப்பையில் புற்றுநோய் என்று பயாப்ஸி முடிவு வந்ததும், எங்கள் கோத்தகிரிப் பக்கத்தில் வீட்டார் முதலில் கேட்பது "ஆபரேஷன் எப்போது?" என்பதைத்தான். "முதலில் கீமோ, அதன் பிறகு ஆபரேஷன்" என்று கோவை மருத்துவர் சொன்னால், நோய் முற்றியதை மறைக்கிறார்களோ, நாளைக் கடத்துகிறார்களோ என்று சந்தேகம் எழுகிறது. என் பெரியப்பாவுக்கு இந்நோய் வந்தபோது எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். ஆபரேஷனுக்கு முந்தைய அந்த மாதங்களிலேயே சிகிச்சையின் முக்கியமான பகுதி நடந்துவிடுகிறது என்பது பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

கட்டியை முழுதாக வெட்டி எடுத்தாலும், ஸ்கேனில் தெரியாத நுண்ணிய செல்கள் முன்பே உடலில் வேறிடங்களுக்குப் போயிருக்கலாம். அங்கே கத்தி எட்டாது, மருந்து எட்டும். ஆபரேஷன் முடிந்த பிறகு மருந்து கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். இரைப்பையை எடுத்தபின் சாப்பாடு குறைந்து, எடை இறங்கிய உடம்பு கீமோவைத் தாங்குவது கடினம். 2006-இல் வெளியான, 'மேஜிக்' என்ற பிரிட்டிஷ் ஆய்வில், ஆபரேஷனுக்கு முன் மூன்று, பின் மூன்று எனத் திட்டமிட்ட ஆறு சுற்று கீமோவையும் முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு. அப்படியிருந்தும், ஆபரேஷன் மட்டும் செய்துகொண்டவர்களில் 23 சதவீதத்தினர் ஐந்தாண்டுகள் கடந்து வாழ்ந்தார்கள் என்றால், கீமோவும் பெற்றவர்களில் அது 36 சதவீதம். 2019-இல் வெளியான ஜெர்மன் ஆய்வில் 'ஃப்ளாட்' என்ற மருந்துக் கூட்டு அதைவிடவும் நல்ல பலன் தந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாக, ஆபரேஷனுக்கு முன் நான்கு, பின் நான்கு. பெரியப்பாவுக்குக் கொடுத்ததும் அதுதான்.

எல்லா உறுப்புக்கும் ஒரே வரிசை இல்லை. மலக்குடல் என்றால் பெரும்பாலும் ரேடியேஷனும் சேரும். அதை ஆபரேஷனுக்குப் பின் கொடுக்காமல் முன்பே கொடுத்ததால், நோய் அதே இடத்தில் திரும்புவது 13 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைந்ததாக 2004-இல் வெளிவந்த ஜெர்மன் ஆய்வு காட்டியது. பெருங்குடலுக்குப் பெரும்பாலும் ஆபரேஷன்தான் முதலில். ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்கு நேராக ஆபரேஷன் செய்தார்களே என்று ஒப்பிடுவதில் பொருளில்லை.

மலையில் இருப்பவர்கள் ஒன்றைக் கூடுதலாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஃப்ளாட் கூட்டில் உள்ள ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து குளிருக்கு ஆகாது. மருந்து ஏறிய பிறகு சில நாட்களுக்கு, குழாய்த் தண்ணீரில் கை வைத்தாலே விரல்கள் விறுவிறுத்து ஊசி குத்துவதுபோல் ஆகும். குளிர்ந்த நீரை ஒரு மடக்கு குடித்தால் தொண்டை அடைத்துக்கொள்வதுபோல் இருக்கும். சமவெளியில் ஐஸ் தண்ணீரைத் தவிர்த்தால் பெரும்பாலும் போதும். மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் ஊரில், காலையில் எவர்சில்வர் சொம்பைத் தூக்குவதற்கே பெரியப்பா கையுறை போட்டுக்கொண்டார். பல் தேய்ப்பது முதல் எல்லாவற்றுக்கும் பெரியம்மா வெந்நீர் வைத்தார். வெளியே போகும்போது மூக்கையும் வாயையும் மஃப்ளரால் மூடிக்கொள்ளச் சொன்னார்கள், அது நன்றாகவே உதவியது. விரல் மரத்துப்போவது அடுத்த சுற்றுவரை நீடித்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.

வீட்டில் தெர்மாமீட்டர் அவசியம். கீமோ நாட்களில் நோய்த்தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், விடியட்டும், கோவைக்கே போய்க்கொள்ளலாம் என்று காத்திருக்காமல், அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே போய், கீமோ எடுத்து வருவதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.