நேப்பிள்ஸில் கப்பல் நிற்கும் ஒரு பகல்

காலை 7 மணிக்குக் கப்பல் நேப்பிள்ஸை அடையும், மாலை 6 மணிக்குக் கிளம்பும் என்று அட்டவணையில் போட்டிருந்தால், கையில் பதினோரு மணி நேரம் இருப்பதாக மனம் கணக்குப் போடும். அந்தக் கணக்கை அங்கேயே திருத்திவிடுங்கள். துறைமுக அனுமதி கிடைத்து ஆட்கள் இறங்கத் தொடங்கவே எட்டு மணி ஆகிவிடும். எல்லோரும் திரும்பி ஏறியிருக்க வேண்டிய நேரம், புறப்பாட்டுக்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னதாகவே இருக்கும். அதற்கும் முன்னால் நீங்களாக ஒரு மணி நேரத்தைப் பத்திரமாக ஒதுக்க வேண்டும். மிஞ்சுவது எட்டு மணி நேரம். காலைச் சிற்றுண்டியை நிதானமாக முடித்துவிட்டு இறங்குபவருக்கு ஆறுதான்.

நல்ல செய்தி, துறைமுகம் ஊரின் நடுவிலேயே இருக்கிறது. ரோமுக்குப் போகிறவர்கள் சிவிதாவெக்கியா துறைமுகத்தில் இறங்கி ஏறத்தாழ ஒரு மணி நேரம் ரயிலில் போக வேண்டும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. ஸ்டாசியோனே மரித்திமா என்ற பயணியர் முனையத்தை விட்டு வெளியே வந்தால், எதிரே தெரியும் ஐந்து கோபுரக் கோட்டை காஸ்தெல் நுவோவோ. சாலையைக் கடந்து ஐந்து, பத்து நிமிடம் நடந்தால் முனிசிப்பியோ மெட்ரோ நிலையம். (இந்த நிலையத்துக்காகத் தோண்டியபோதுதான் பழைய துறைமுகமும் ரோமானியர் காலப் படகுகளும் சேற்றுக்குள்ளிருந்து கிடைத்தன.) முனைய வாசலில் டாக்ஸிக்காரர்கள் மொய்ப்பார்கள். அவர்களைத் தாண்டிப் போய்விடலாம். டாக்ஸியே வேண்டும் என்றால், ஏறும் முன்பே "தரிஃபா பிரெதெதெர்மினாத்தா" என்று கேளுங்கள். நகராட்சி நிர்ணயித்த நிலையான கட்டணம் அது. வண்டி கிளம்பிய பிறகு கேட்டால் மீட்டர்தான்.

நேப்பிள்ஸில் இறங்குபவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, வெசுவியஸ் எரிமலை புதைத்த பழைய ரோமானிய ஊரான பொம்பெய். போகக் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் கப்பல் பயணிக்கு ஒரு நாளில் கிடைக்கும் நேரத்துக்கு எர்கொலானோதான் பொருத்தம். அதுவும் கி.பி. 79இல் அதே வெசுவியஸ் எரிமலை புதைத்த ஊர்தான். அங்கே போய்விட்டு நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு வந்து, அங்கிருந்து பழைய நகரம் வழியாகக் கடலை நோக்கி இறங்கி நடந்தால், நாளின் கடைசியில் கப்பல் தானாகவே முன்னால் வந்து நிற்கும். தொலைவில் இருப்பதைக் காலையில் முடித்துவிட வேண்டும். பின்மதியத்தில் நடந்தே கப்பலை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ரயில் நின்றாலும், வேலைநிறுத்தம் வந்தாலும் கவலை இருக்காது.

பொம்பெய்யை ஏன் தள்ளி வைக்கிறேன்? மதிலுக்குள் இருக்கும் ஊர் மட்டும் 66 ஹெக்டேர். அதில் மூன்றில் இரண்டு பங்கு தோண்டப்பட்டிருக்கிறது. மூன்று மணி நேரத்துக்குக் குறைவாகப் போவது வீண். கோடையில் நிழலே இல்லை. 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்து, டிக்கெட்டில் பெயரும் அச்சிடுகிறார்கள். எனவே முன்பதிவும் அடையாளச் சான்றும் இல்லாமல் போக வேண்டாம். பெரிய முதுகுப்பையை உள்ளே விடமாட்டார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம் என்பதால் அன்று கூட்டம் தாங்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே இருப்பவை பெரும்பாலும் சுவர்கள். நல்ல மொசைக்குகளும் ஓவியங்களும் வெண்கலங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டு நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதைப் பார்க்காமல் பொம்பெய்யை மட்டும் பார்த்துவிட்டுக் கப்பலேறுவது, சாமியைப் பார்க்காமல் பிராகாரத்தைச் சுற்றி வருவது மாதிரி.

இரண்டு இடத்துக்கும் போகும் ரயில் ஒன்றுதான்: சிர்கும்வெசுவியானா. முனிசிப்பியோவில் மெட்ரோ 1ஆம் தடத்தில் கரிபால்டி திசையில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் கரிபால்டி. அங்கே பெயர்ப்பலகைகளைப் பின்பற்றி, மத்திய ரயில் நிலையத்தின் கீழ்த்தளத்தில் உள்ள சிர்கும்வெசுவியானா நடைமேடைக்குப் போக வேண்டும். இந்த ரயில் கிளம்புவது கரிபால்டியில் அல்ல, அதற்கு ஒரு நிறுத்தம் முன்னால் உள்ள போர்த்தா நோலானாவில். உட்கார இடம் வேண்டும் என்பவர்கள் அங்கே போய் ஏறுவார்கள். இருக்கை எண் கிடையாது, பழைய பெட்டிகளில் ஏசி கிடையாது, கோடைக் காலையில் பிதுங்கி வழியும். பணப்பையைப் பின் பாக்கெட்டில் வைக்காதீர்கள். முதுகுப்பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். கதவு மூடும் நொடியில்தான் திருடனின் கை வேலை செய்யும்.

பொம்பெய் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு இந்த ரயிலில்தான். பொம்பெய் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. இடிபாடுகளின் வாசலுக்கு எதிரே இறக்குவது சொரெந்தோ செல்லும் தடத்தில் உள்ள "பொம்பெய் ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தெரி". போஜ்ஜோமரினோ செல்லும் ரயிலில் ஏறினால் அது வேறு தடத்தில் பிரிந்து, புதிய ஊரில் உள்ள "பொம்பெய் சாந்துவாரியோ"வில் இறக்கிவிடும். எர்கொலானோவுக்கு இந்தக் குழப்பம் இல்லை. தடம் பிரிவது அதைத் தாண்டித்தான், ஆகவே இரண்டு ரயிலிலும் போகலாம். பொம்பெய்க்கு ஏறத்தாழ 40 நிமிடம், எர்கொலானோவுக்கு 20. போக வர மிச்சமாகும் அந்த 40 நிமிடத்தில் அருங்காட்சியகத்தில் ஒரு தளம் பார்த்துவிடலாம்.

"எர்கொலானோ ஸ்காவி" நிலையத்தில் இறங்கியதும் வெசுவியஸ் உச்சிக்கு அழைத்துப் போகிறோம் என்று கூப்பிடுவார்கள். எரிமலை வாய்க்கான டிக்கெட் நேரம் குறித்து இணையத்தில்தான் விற்கப்படுகிறது. அது கையில் இல்லாமல் அந்தப் பேருந்தில் ஏறி மேலே போய் நிற்பதில் பயனில்லை. நிலையத்திலிருந்து நேராகக் கடல் பக்கம் இறங்கும் சாலையில் பத்து நிமிடம் நடந்தால் அகழாய்வுத் தளத்தின் வாசல் வந்துவிடும். திரும்பி வருவது ஏற்றம், அதற்கு 15 நிமிடம் வையுங்கள்.

உள்ளே போகும் பாதை மேலிருந்து கீழே ஊரைக் காட்டும். பொம்பெய்மேல் பெரும்பாலும் நுரைக்கல்லும் சாம்பலும் மழையாகக் கொட்டின. கூரைகள் பாரம் தாங்காமல் சரிந்தன. எர்கொலானோமேல் பாய்ந்தது கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கலந்த வெள்ளம். அது சுமார் 20 மீட்டர் ஆழத்துக்கு ஊரை மூடி, இறுகிக் கல்லானது. காற்று புகாத அந்த மூடலில் மரம் எரிந்து சாம்பலாகாமல் கரியாக நின்றுவிட்டது. அதனால்தான் மாடி வீடுகளும் உத்தரங்களும் இழுகதவுகளும் இங்கே அப்படியே இருக்கின்றன. முதலில் பார்க்க வேண்டியது கீழே இருக்கும் பழைய கடற்கரை. படகு நிறுத்தும் வளைவு அறைகளில் ஒண்டிய ஏறக்குறைய 300 பேரின் எலும்புக்கூடுகள் 1980களிலிருந்து அங்கே கிடைத்தன. இன்று கடல் அங்கிருந்து பல நூறு மீட்டர் தள்ளிப் போய்விட்டது. பிறகு நெப்டியூன், ஆம்ஃபித்ரித்தே வீட்டின் நீல மொசைக், சாடிகள் பதித்த சாப்பாட்டுக் கடை, குளியல் கூடம். தோண்டியிருப்பது நாலைந்து ஹெக்டேர்தான், மீதி இன்றைய ஊருக்கு அடியில். இரண்டு மணி நேரத்தில் திருப்தியாகப் பார்த்துவிடலாம். இங்கே வார விடுமுறை உண்டா என்பதை முந்தைய இரவே அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பிக் கரிபால்டி வந்ததும் மெட்ரோ 1ஐ எடுக்காதீர்கள். அது துறைமுகம் வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். 2ஆம் தடத்தில் ஏறினால் ஒரே நிறுத்தம், காவூர். அதை ஒட்டியே அருங்காட்சியகம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. உங்கள் கப்பல் செவ்வாயன்று வந்தால் இந்தத் திட்டம் கவிழும், அன்று மட்டும் பொம்பெய்க்கே போய்விடலாம்.

ஒன்றரை மணி நேரம் போதும், எல்லாவற்றையும் பார்க்க நினைக்காவிட்டால். தரைத்தளத்தில் ஃபர்னேசே சேகரிப்பு: ரோமின் கரகல்லா குளியல் கூடத்திலிருந்து வந்த மூன்று மீட்டருக்கும் மேல் உயரமான ஹெர்குலிஸ். பின்பக்கம் சென்று அவன் கையில் என்ன ஒளித்திருக்கிறான் என்று பாருங்கள். மேலே மொசைக்குகள், அதற்கும் மேல் சுவரோவியங்கள்.

நம்மவர்கள் தவறவிடக் கூடாத ஒன்று, "ரகசிய அறை" (கபினெத்தோ செக்ரெத்தோ) என்ற பகுதியில் இருக்கிறது. பொம்பெய்யில் எடுத்த பாலியல் சார்ந்த சிற்பங்களையும் ஓவியங்களையும் நெடுங்காலம் பூட்டி வைத்திருந்து, 2000இல் பொதுமக்களுக்குத் திறந்த அறை அது. அதற்குள், சம்பந்தமே இல்லாததுபோல ஒரு சாண் உயர இந்தியத் தந்தச் சிலை. 1938இல் தொல்லியலாளர் அமெதேயோ மயூரி பொம்பெய்யில் ஒரு வீட்டில் கண்டெடுத்தது. முதலில் லட்சுமி என்றார்கள், இப்போது யட்சி என்பதே பலரின் கருத்து. தலைக்கு மேல் துளை இருப்பதால் ஏதோ ஒரு பொருளின் கைப்பிடியாகவோ காலாகவோ இருந்திருக்கலாம். அடியில் வடமேற்கு இந்தியாவின் பழைய எழுத்தான கரோஷ்டியில் குறி இருக்கிறது. சிலையின் பாணி மகாராஷ்டிரத்தில் கிடைத்த தந்தச் சிலைகளை ஒத்தது, ஆகவே தமிழ்நாட்டோடு முடிச்சுப் போட வேண்டாம். ஆனால் அது வந்த கடல்வழி வேறல்ல. முசிறியின் மிளகு செங்கடல், அலெக்சாந்திரியா வழியாக இத்தாலிக்கு வந்த காலம் அது. அலெக்சாந்திரியக் கப்பல்கள் வந்து நின்ற பெருந்துறையான புத்தெயோலி, இதே நேப்பிள்ஸ் வளைகுடாவில் இருக்கும் இன்றைய பொத்சுவோலிதான். ஆள் பற்றாக்குறையால் சில கூடங்களைச் சில நாட்களில் பூட்டிவிடுவதுண்டு. டிக்கெட் எடுக்கும்போதே கபினெத்தோ செக்ரெத்தோ திறந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

பசிக்கும் நேரம் வந்துவிட்டது. நேப்பிள்ஸில் இலங்கையர் கணிசமாக வாழ்கிறார்கள், பெரும்பாலும் சிங்களவர். காவூர் சதுக்கத்தின் சுற்றுவட்டாரத்தில் அவர்களுடைய கடைகள் உண்டு. இரண்டு வாரம் கப்பல் சாப்பாட்டில் நாக்கு செத்தவர்களுக்கு இது உபயோகமான தகவல். மற்றவர்கள் தெற்கே நடந்து திரிபுனாலி தெருவுக்குப் போங்கள், பீட்சாவுக்கு. பெயர் பெற்ற கடைகளில் வாசலில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதற்குப் பக்கத்துக் கடையில் உடனே இடம் கிடைக்கும், வித்தியாசம் பெரிதாக இருக்காது. விறகடுப்பில் ஒன்றரை நிமிடத்தில் வெந்துவிடும். நடுவில் ஈரமாக இருப்பது பக்குவக்குறை இல்லை, இந்த ஊர் பீட்சா அப்படித்தான்.

சைவர்களுக்கு: "மரினாரா" என்ற பெயரைப் பார்த்து மீன் என்று பயப்பட வேண்டாம். தக்காளி, பூண்டு, ஒரேகானோ, எண்ணெய் அவ்வளவே, பாலாடைக்கட்டிகூட இல்லை. மாறாக, பார்க்க அப்பாவியாக இருப்பவற்றில்தான் பன்றிக் கொழுப்பு ஒளிந்திருக்கும். அடுக்கடுக்காக இருக்கும் ஸ்ஃபொல்யத்தெல்லாவின் மாவில், மிளகும் பாதாமும் போட்ட தராலி என்ற வளையப் பிஸ்கட்டில், பொரித்த பீட்சாவின் பூரணத்தில். "ஸ்த்ருத்தோ?" என்று ஒரு சொல் கேட்டால் போதும். பாபா என்ற கேக்கில் ரம் ஊறியிருக்கும். ஜெனொவேசே என்பது பச்சைத் துளசிச் சட்னி அல்ல. இந்த ஊரில் அது வெங்காயத்தோடு மணிக்கணக்கில் வெந்த இறைச்சி.

காப்பியை நின்றுகொண்டே குடியுங்கள், உட்கார்ந்தால் விலை ஏறும். பல கடைகளில் முதலில் கல்லாவில் பணம் கட்டி, சீட்டை மேடையில் வைக்க வேண்டும். கூட வரும் தண்ணீர் காப்பிக்கு முன்னால் குடிக்க.

இனி கப்பல்வரை இறக்கம்தான். ஊரை இரண்டாகப் பிளப்பதுபோல் நேராக ஓடும் ஸ்பக்கானாப்போலியைப் பிடித்து மேற்கே நடந்தால் போதும். வழியில் சான் கிரெகோரியோ அர்மேனோ, கிறிஸ்துமஸ் குடில் பொம்மை செய்பவர்களின் தெரு. சான்செவேரோ சிற்றாலயத்தில் 1753இல் ஜுசேப்பே சன்மார்த்தினோ செதுக்கிய முக்காடிட்ட கிறிஸ்து இருக்கிறார். பளிங்குக் கல்லில் மெல்லிய துணி. இணையத்தில் பல நாள் முன்னதாக நேரம் குறித்துப் பதிவு செய்யாமல் வாசலில் நின்று பயனில்லை. இதற்கும் செவ்வாய் விடுமுறை, படம் எடுக்கவும் தடை. பதிவு கிடைக்காதவர்கள் சாந்தா கியாரா மடத்தின் வண்ண ஓட்டுத் தூண்கள் நிற்கும் முற்றத்துக்குப் போகலாம், அங்கே உட்காரவும் இடம் உண்டு. பிறகு தொலேதோ தெருவில் இடப்பக்கம் திரும்பி இறங்கினால், கண்ணாடிக் கூரை போட்ட உம்பெர்த்தோ கலேரியா என்ற கடைவளாகம், 1737இல் திறந்த சான் கார்லோ ஓபரா அரங்கு, மறுபடி அந்த ஐந்து கோபுரக் கோட்டை. நிற்காமல் நடந்தால் அருங்காட்சியகத்திலிருந்து முனையத்துக்கு 40 நிமிடத்துக்குள்.

கப்ரி தீவுக்கு விரைவுப் படகு முனையத்தை ஒட்டிய பெவெரெல்லோ துறையிலிருந்தே கிளம்புகிறது, ஐம்பது நிமிடப் பயணம். ஆசையாகத்தான் இருக்கும். காற்று எழும்பினால் அந்தப் படகுகளை நிறுத்திவிடுவார்கள், உங்கள் கப்பல் மட்டும் நேரத்துக்குக் கிளம்பும். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போனால் காத்திருக்காது. கப்ரிக்குக் கட்டாயம் போக வேண்டும் என்றால் அந்த ஒரு நாளுக்கு மட்டும் கப்பல் சுற்றுலாவுக்குக் காசு கொடுப்பதில் தப்பில்லை.

இறங்கும்போது பையில் இருக்க வேண்டியவை: கப்பல் அட்டை, பாஸ்போர்ட் நகல் (பல கப்பல்களில் அசலை வரவேற்பில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்), அன்றைய தகவல் தாளில் உள்ள துறைமுக முகவரின் தொலைபேசி எண், தண்ணீர் பாட்டில், சில்லறை யூரோக்கள். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நடுவில் துருக்கி, துனிசியா மாதிரி ஷெங்கன் அல்லாத துறை வந்தால், இத்தாலிக்குள் மறுபடி நுழைய ஒருமுறை விசா போதாது, பலமுறை நுழையும் விசா வேண்டும். முந்தைய இரவு "ஷோப்பெரோ" என்ற சொல்லையும் அன்றைய தேதியையும் சேர்த்து இணையத்தில் தேடுங்கள். ரயில் வேலைநிறுத்தம் இருந்தால் முன்கூட்டியே அறிவித்திருப்பார்கள். அப்படியானால் எர்கொலானோவை விட்டுவிட்டு, மேட்டில் இருக்கும் சான் மார்த்தினோவுக்கு மொந்தெசாந்தோ கயிற்று ரயிலில் ஏறி, மோர்கென் நிறுத்தத்தில் இறங்கிப் பத்து நிமிடம் நடங்கள். அங்கே மடத்துக்கு முன்னால் உள்ள திடலிலிருந்து ஊர் முழுவதும், ஸ்பக்கானாப்போலியின் நேர்க்கோடும், உங்கள் கப்பலும் தெரியும். கட்டணம் இல்லை.

புறப்படும் நேரத்தில் இடப்பக்க மேல்தளத்துக்குப் போங்கள். துறைமுகத்தைத் தாண்டிக் கப்பல் தெற்கே திரும்பியதும் வெசுவியஸ் அந்தப் பக்கம்தான் வரும். மேற்கிலிருந்து விழும் மாலை வெயில் நேராக அதன்மேல் படும்.