அன்னத்தின் இறகு

அக்டோபர் 29, 2023, ஞாயிறு
சுங்கை சிப்புட், மலேசியா

தீபாவளிக்கு இரண்டு வாரம்தான். பாட்டியின் குத்துவிளக்கை இறக்கினேன். தோட்டத்து லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீட்டில் இருந்தது, அப்புறம் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்தது, இப்போது என்னிடம். பாதம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாகக் கழற்றலாம். அன்னம் மட்டும் அடம்பிடித்தது. மரையில் எண்ணெய்ப் பிசுக்கு இறுகிப் போயிருந்தது. வெந்நீர்த் துணி சுற்றி வைத்துத் திருகியதும் ‘கிறீச்’ என்று வழிக்கு வந்தது.

அம்மா என்றால் புளியும் சாம்பலும் எடுத்து உட்கார்ந்திருப்பார். எனக்குச் சோம்பல். நாளை டவுனில் மெருகு போடக் கொடுக்கிறேன்.

நவம்பர் 4, சனி

விளக்கு வந்துவிட்டது. முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. அன்னத்தின் இறகுக் கோடுகளைத்தான் காணோம். சக்கரத்தில் பிடித்துத் தேய்த்திருக்கிறார்கள்.

“அண்ணே, கோடெல்லாம் எங்கே?”

“அழுக்குன்னு நினைச்சிட்டேம்மா.”

சண்டை போட வாய் வரவில்லை. ‘புதுசு மாதிரி வேணும்’ என்று சொன்னவள் நான்தானே.

நவம்பர் 7, செவ்வாய்

பாட்டி இதை நாச்சியார்கோவில் விளக்கு என்பார். கல் கருடன் இருக்கும் ஊர், கும்பகோணத்துக்குப் பக்கம். இந்த விளக்குக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அங்கே பட்டறை வைத்திருக்கும் தூரத்து உறவுக்கார மாமாவை வாட்சாப்பில் பிடித்தேன். அன்னத்தைக் கேமராவில் காட்டியதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

அப்புறம் பொறுமையாகச் சொன்னார். காவிரி வண்டல் மண்ணைப் பெட்டியில் இறுக்கி, அதில் அச்சைப் பதித்து எடுத்து, அந்தக் குழியில் பித்தளையை உருக்கி ஊற்றுவார்கள். ஆறியதும் கடைசல், அரம், கடைசியாக உளி. சுவாமிமலைச் சிலைக்கு மெழுகில் உரு பிடித்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து உலோகம் ஊற்றுவார்கள். மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும், அதனால் ஒன்று போல இன்னொன்று கிடையாது. விளக்கு அப்படியில்லை, ஒரே அச்சில் எத்தனையோ வரும்.

“இறகை உளியாலதாம்மா போடுவோம். ஒருத்தர் கை மாதிரி இன்னொருத்தர் கை இருக்காது.”

திரும்ப வெட்ட முடியுமா என்று கேட்டேன். “வெட்டலாம். அது என் கையாத்தான் இருக்கும்.”

வேண்டாம் என்றுவிட்டேன்.

நவம்பர் 26, ஞாயிறு

கார்த்திகை. ஐந்து திரி போட்டு ஏற்றினேன். மகன் அன்னத்தின் கழுத்தடியில் விரலை விட்டு, “இங்க என்னமோ சொரசொரன்னு இருக்கும்மா” என்றான். டார்ச் அடித்துப் பார்த்தேன். சக்கரம் நுழையாத இடுக்கில் மூன்று கோடு. நடுக்கோடு சற்றே வளைந்திருக்கிறது, உளி வழுக்கியிருக்க வேண்டும்.

அந்த இடத்தில் பிசுக்கு அப்படியே இருக்கட்டும்.