காரணம் என்ற கட்டத்தில் எங்களுக்கு இடமில்லை

2022 மே மாதம், கத்திரி வெயில். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு என்று இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து ஓர் ஆசிரியப் பயிற்றுநர், கூடவே பக்கத்து நடுநிலைப் பள்ளி டீச்சர். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தேன். பையன் திண்ணையில் ஒரு பழைய மிக்சி மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். பயிற்றுநருக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான்.

"தம்பி பட்டறை வேலைக்குப் போறானுங்களா?"

கேள்வியில் தப்பு இல்லை. வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். கொங்குப் பக்கத்தில் பதினோரு வயதுப் பையன் பகல் பதினொரு மணிக்குக் கையெல்லாம் கிரீசோடு இருந்தால் யாருக்கும் அந்தச் சந்தேகம்தான் வரும்.

"இல்லைங்க, வீட்டிலயே படிக்கிறான். நாங்களே சொல்லிக் குடுக்கறோம்."

அவர் போனைத் திறந்தார். பெயர், பிறந்த தேதி, கடைசியாகப் படித்த வகுப்பு எல்லாம் ஏறிற்று. 'பள்ளி செல்லாததற்கான காரணம்' வந்ததும் விரல் நின்றுவிட்டது. இடம்பெயர்வு, வேலைக்குச் செல்கிறார், உடல்நலக் குறைவு, குடும்பச் சூழல், ஆர்வமின்மை. "இதுல எதைப் போடட்டுங்க?" என்று போனை என் பக்கம் திருப்பினார். எதுவும் இல்லை என்றேன். "ஏதாச்சும் ஒண்ணைத் தொட்டாத்தான் அடுத்த பக்கம் போகும்" என்று சொல்லி, கொஞ்சம் யோசித்து, 'ஆர்வமின்மை'யைத் தொட்டார்.

அந்த ஒரு சொல்லோடு ஒன்றரை வருடம் மல்லுக்கட்டினோம்.

பள்ளியை ஏன் நிறுத்தினோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவனுக்குத் திக்குவாய். மூன்றாம் வகுப்பில் தினமும் எழுப்பி வாசிக்கச் சொல்வார்கள், வகுப்பு சிரிக்கும். காலையில் வயிற்று வலி என்பான், ஞாயிற்றுக்கிழமை வலிக்காது. 2018-இல் மாற்றுச் சான்றிதழ் வாங்கினோம். வேறு பள்ளி தேடும்வரை வீட்டில் இருக்கட்டும் என்றுதான் ஆரம்பித்தது. ஆறு மாதத்தில் அவனே புத்தகத்தை எடுத்து வாசிக்க ஆரம்பித்தான். அதற்கப்புறம் நாங்கள் பள்ளி தேடவில்லை. நான் டைல்ஸ் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த வேலையை விட்டேன்.

கணக்கெடுப்பு முடிந்து மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. ஏழு நாளுக்குள் அருகமைப் பள்ளியில் சேர்க்க வேண்டும், தவறினால் 'சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்'. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று ஒரு வரி இல்லை. அத்தை பயந்துபோய் "போலீசு வருமா அம்மணி?" என்று ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்காரருக்கும் மனசு ஆட்டம் கண்டது. எனக்கும்தான்.

அன்றைக்குத்தான் குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-ஐ முதல் பிரிவிலிருந்து கடைசிவரை வாசித்தேன். 2010 ஏப்ரல் 1-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது, 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குப் பொருந்தும். அதன் 10-ஆம் பிரிவு, பிள்ளையை அருகமைப் பள்ளியில் தொடக்கக் கல்விக்குச் சேர்ப்பது ஒவ்வொரு பெற்றோரின் கடமை என்கிறது. ஆமாம், அப்படித்தான் எழுதியிருக்கிறது. 'வீட்டுக் கல்வி நம் சட்டப்பூர்வ உரிமை' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற படத்தை நம்பி இந்தப் பிரிவைக் கண்டுகொள்ளாமல் போனால், அதிகாரி முன்னால் முதல் நிமிடத்திலேயே வாயடைத்து நிற்க வேண்டிவரும்.

ஆனால் அந்தக் கடமையை மீறினால் என்ன தண்டனை என்று தேடினேன். நுழைவுத் தேர்வு வைக்கும் பள்ளிக்கு முதல் தடவை 25,000 ரூபாய்வரை அபராதம். நன்கொடை வாங்கினால் வாங்கியதைப் போலப் பத்து மடங்குவரை. அங்கீகாரமில்லாமல் பள்ளி நடத்தினால் ஒரு லட்சம்வரை, அதற்கு மேலும் நடத்தினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம். இப்படிப் பள்ளிக்கெல்லாம் விலை போட்டு வைத்திருக்கிற சட்டம், பெற்றோருக்கு ஒரு ரூபாய் அபராதம்கூட எழுதவில்லை. வந்த கடிதத்தில் பிரிவு எண் இல்லாததற்குக் காரணம் எனக்கு அப்போது புரிந்தது.

இதில் ஒரு எச்சரிக்கை. பக்கத்து வீட்டு அக்கா, "நம்ம பாப்பாவையும் அனுப்பட்டுமா, சேத்திச் சொல்லிக் குடு" என்று கேட்டார். மாட்டேன் என்றேன், அவருக்கு வருத்தம்தான். நாலு பிள்ளைகளைப் பகல் நேரத்தில் உட்காரவைத்துக் காசு வாங்கிச் சொல்லிக்கொடுத்தால், அது வீட்டுக் கல்வியா அங்கீகாரமில்லாத பள்ளியா என்று யாரும் கேட்கலாம். அந்த அபராதம் நிஜமானது.

அரசியல் சட்டத்தையும் பார்த்தேன். 2002-இல் வந்த 86-ஆவது திருத்தம் 21-ஏ பிரிவைச் சேர்த்துக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதே திருத்தம், அடிப்படைக் கடமைகளைச் சொல்லும் 51-ஏ பிரிவில் பெற்றோருக்கும் ஒரு கடமையைச் சேர்த்தது. 6 முதல் 14 வயதுவரை பிள்ளைக்குக் 'கல்வி பெறும் வாய்ப்புகளை' அளிக்க வேண்டும் என்பது அது. அங்கே பள்ளி என்ற சொல் இல்லை. எனக்கு இது பெரிய பிடிமானமாகத் தெரிந்தது. உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 26-ஆவது பிரிவுகூடப் பிள்ளைக்கு எந்த வகைக் கல்வி என்று தேர்ந்தெடுக்கும் முன்னுரிமை பெற்றோருக்கே என்கிறது. வாசிக்கக் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் ஆபீசில் அதைச் சொன்னால் ஃபைல் ஓர் அங்குலம் நகராது.

கடிதம் வந்த அலுவலகத்துக்கே நேரில் போனோம். பெஞ்சில் இரண்டு மணி நேரம். உள்ளே இருந்தவர் கெட்டவர் இல்லை, டீ வரவழைத்துக் கொடுத்தார். 2012-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கில், விரும்பி வீட்டுக் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் தொடரலாம், கல்வி உரிமைச் சட்டம் அதற்குக் குறுக்கே வராது என்று மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்திருந்தது. அந்தச் செய்தியைப் பிரிண்ட் எடுத்து நீட்டினேன். வாசித்துவிட்டு, "இது பிரமாணப் பத்திரம்தானுங்க மேடம், தீர்ப்பு இல்லியே" என்றார். அவர் சொன்னது சரி. நான் அந்தத் தாளை அன்றைக்கே ஃபைலில் பின்னால் தள்ளிவிட்டேன்.

அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு பண்ணுங்க. பேரை மட்டும் சேத்துடுங்க. தம்பி வராட்டியும் பரவால்ல, ஹெச்.எம். பாத்துக்குவார். என் லிஸ்ட்ல பூஜ்ஜியம் ஆகணும், அவ்வளவுதான்" என்றார்.

வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நானும் வீட்டுக்காரரும் சண்டை போட்டோம். அவருக்கு அது சுலபமான வழியாகத் தெரிந்தது. எனக்குத் தெரியவில்லை. வராத பையனுக்கு யாரோ ஒரு டீச்சர் தினமும் வருகை போட வேண்டும். அவன் கணக்கில் சத்துணவு, சீருடை, செருப்பு எல்லாம் எழுதப்படும். நாளைக்கு ஹெச்.எம். மாறினால் இதே பையன் 'நீண்ட நாள் வராதவன்' ஆகிவிடுவான், அப்போது பொய்க்கு உடந்தை என்று நாங்களும் மாட்டுவோம். வண்டியில் ஏறும்போது, "சரி, எழுதியே குடுத்தர்லாம்" என்றார்.

எழுதிக் கொடுத்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. இரண்டு பக்கம், தமிழில், வக்கீல் இல்லாமல். பையன் வேலைக்குப் போகவில்லை, எந்த நேரமும் வந்து பார்க்கலாம் என்பதை முதல் வரியாக வைத்தேன். அவர்களுடைய உண்மையான கவலை அதுதானே. என்ன படிக்கிறான், எந்த அரசுப் பாடநூல், வாரத்தில் எத்தனை நாள் என்று ஒரு பத்தி. எழுதிய நோட்டுகளின் நகல் பன்னிரண்டு தாள். நடவடிக்கை என்றால் எந்தப் பிரிவின் கீழ் என்று தெரிவிக்க வேண்டுகிறேன் என்று ஒரு வரி. கடைசியில், அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி அவன் எப்போது விரும்பினாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேரலாம் என்பதை அறிவோம், தேவைப்பட்டால் சேர்ப்போம் என்று எழுதினேன். கதவைச் சாத்தவில்லை என்று காட்டுவது முக்கியம். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். அந்த ரோஸ் நிற அட்டை முத்திரையோடு திரும்பி வந்த அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரு மாதம் பதில் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு மனு போட்டேன். முதல் மனுவில் 'வீட்டில் படிக்க வைப்பது குற்றமா?' என்று கேட்டுச் சொதப்பினேன். கருத்து கேட்டால் அது தகவல் ஆகாது என்று நியாயமாகவே திருப்பிவிட்டார்கள். அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிற ஆவணத்தைத்தான் கேட்க முடியும். இரண்டாவது மனுவில், வீட்டில் கல்வி கற்பிக்கும் பெற்றோர்மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லும் அரசாணை அல்லது சுற்றறிக்கை இந்த அலுவலகத்தில் இருந்தால் அதன் நகல் வேண்டும் என்று கேட்டேன். முப்பது நாள் கெடு தாண்டியும் பதில் இல்லை, மேல்முறையீடு செய்தேன். அதன் பிறகு ஒற்றை வரியில் பதில் வந்தது: 'கோரிய ஆவணம் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை.'

அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை. 'உங்களுக்கு அனுமதி' என்று யாரும் எழுதித் தரவுமில்லை. தருவார்கள் என்று காத்திருக்கவும் வேண்டாம், நம் ஊரில் இந்த விஷயம் அந்த இடைவெளியில்தான் ஓடுகிறது.

2023-இல், பள்ளியில் படிக்காமலே எழுதும் எட்டாம் வகுப்பு தனித்தேர்வுக்கு விண்ணப்பித்தோம். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிறது, பன்னிரண்டரை வயது நிறைந்திருந்தால் போதும். மாற்றுச் சான்றிதழ் இல்லாதவர்கள் பிறப்புச் சான்றிதழ் நகலை வைத்தே விண்ணப்பிக்கலாம். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து தாள். தேர்வு அறையில் பாதிப்பேர் என் வயதுக்காரர்கள், வேலைக்குச் சான்றிதழ் தேவைப்பட்டு வந்தவர்கள். ஹால் டிக்கெட்டைச் சரிபார்த்தவர் "எந்த ஸ்கூல் தம்பி?" என்றார். அவனுக்கு வாய் இழுத்துக்கொண்டது. "வீ... வீ..." என்று நிற்க, பின்னால் நின்ற லாரி டிரைவர் ஒருவர், "பிரைவேட்டுங்க சார், எல்லாருமே பிரைவேட்டுதான்" என்றார். சிரிப்பு எழுந்தது, அவனும் சிரித்தான். கணக்கில் குறைவுதான், மற்றதெல்லாம் நன்றாகவே வாங்கினான்.

பதினான்கு முடிந்ததும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்தோம். முதல் தேர்வு 2025 அக்டோபரில் என்று இருந்தது. ஐந்து பாடம், அதில் குறைந்தது ஒன்று மொழிப்பாடமாக இருக்க வேண்டும். தமிழ் வழியிலும் எழுதலாம். வருடத்துக்கு இரண்டு தேர்வு, ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்பு. ஒரே மூச்சில் ஐந்தையும் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை என்பது இவனைப் போன்ற பிள்ளைக்குப் பெரிய விடுதலை. எட்டாம் வகுப்புச் சான்றிதழ் கையில் இருந்ததால் முன்பு எங்கே படித்தான் என்ற கேள்வியே எழவில்லை. வீட்டில் எழுதி அனுப்பும் பயிற்சித்தாள்களை மட்டும் அசட்டை செய்துவிடாதீர்கள், அதற்கும் மதிப்பெண் உண்டு.

2025 மே மாதம் அதே ஆசிரியப் பயிற்றுநர் எங்கள் தெருவுக்கு வந்தார். "தம்பி பேரு இந்த வருஷம் லிஸ்ட்ல வரலீங்க" என்று சொல்லிக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்தார். பிறகு போனைப் பைக்குள் போட்டுவிட்டு, அவருடைய அக்கா மகள் பத்தாம் வகுப்பில் நின்றுவிட்டதாகவும், இந்தத் திறந்தநிலைப் பள்ளிக்கு எப்படிப் பதிவு செய்வது என்றும் கேட்டார். கணக்கெடுப்புத் தாளைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.