வார்னிங் வரலைன்னா அது ஸ்டாண்டர்ட் சி ஆயிடுமா?

"என் கோட் ப்யூர் சி தான், ஜிசிசி கம்பைலர்ல ஒரு வார்னிங் கூட வரல"ன்னு நிறைய பேர் சொல்றாங்க. அது போதாதுங்க. எந்த ஸ்டாண்டர்டுன்னு நாம சொல்லலைன்னா ஜிசிசி எடுத்துக்கிறது ஐஎஸ்ஓ சி, அதாவது சி மொழியோட அதிகாரப்பூர்வ ஸ்டாண்டர்ட் இல்ல, குனூ சி, அதாவது ஜிசிசியோட கூடுதல் வசதிகளும் (எக்ஸ்டென்ஷன்) கலந்த சி. ஜிசிசி வெர்ஷன் 5ல இருந்து குனூ11 (11ங்கிறது சி ஸ்டாண்டர்டோட வருஷம்), 8ல இருந்து குனூ17, 2025ல வந்த 15ல குனூ23. சரி, எஸ்டிடி=சி11னு கம்பைலருக்கு ஒரு ஃப்ளாக் (ஆப்ஷன்) போட்டுட்டா ஸ்ட்ரிக்ட் ஆயிடும்னு நினைப்போம், அதுவும் கிடையாது, ஸ்டாண்டர்டோட நேரா மோதுற எக்ஸ்டென்ஷனை மட்டும்தான் அது நிறுத்தும், ஃபங்ஷனுக்குள்ள ஃபங்ஷன் எழுதுறது மாதிரி மத்ததெல்லாம் சத்தமில்லாம கம்பைல் ஆயிடும். பெடான்டிக் ஃப்ளாக் சேர்த்தாதான் வார்னிங்கே வரும். அதுவும் எல்லாத்தையும் பிடிச்சிடாதுன்னு ஜிசிசி மேனுவலே சொல்லுது.

அப்புறம் அதே கோடை கிளாங்ங்கிற இன்னொரு கம்பைலர்ல போட்டா, ஃபங்ஷனுக்குள்ள ஃபங்ஷனான்னு எரர் அடிச்சு நின்னுடும்.

இதுக்காக எக்ஸ்டென்ஷனே தப்புன்னு சொல்ற ஆள் நான் இல்ல. லினக்ஸோட மையப் பகுதியான கெர்னல்ல, ரெண்டுல பெரியதை எடுக்கிற மேக்ஸ் மேக்ரோவை (கம்பைலுக்கு முன்னாடி கோடா விரியுற சுருக்கம்) பாருங்க. சாதாரணமா எழுதினா உள்ள ஐ++ கொடுத்தா ரெண்டு தடவை ஏறிடும், டைப்ஆஃப்பும் (ஒரு மதிப்போட டைப்பை எடுக்கிறது) ஸ்டேட்மென்ட் எக்ஸ்பிரஷனும் (பல வரி கோடை ஒரே மதிப்பா தர்றது) இருந்ததாலதான் அதை சுத்தமா எழுத முடிஞ்சது, ரெண்டுமே அன்னைக்கு ஸ்டாண்டர்ட்ல கிடையாது. டைப்ஆஃப் சி23லதான் உள்ள வந்துச்சு. ஸ்டரக்ட் (பல டேட்டாவை ஒண்ணா கட்டுற டைப்) கடைசில ஜீரோ சைஸ் அரே வைக்கிற பழக்கத்துக்கும் சி99 தன்னோட சொந்த வடிவம் கொடுத்துச்சு. கம்பைலர் வெண்டர்கள் முதல்ல செஞ்சு பார்க்கலைன்னா ஸ்டாண்டர்டை எழுதுற கமிட்டிக்கு எது உருப்படியானதுன்னு எப்படி தெரியும்?

ஆனா அதுக்கான விலையும் அதே கெர்னல்லதான் தெரியுது. கிளாங்ல அதை பில்ட் பண்ண வருஷக்கணக்கா வேலை நடந்துச்சு. ஸ்டரக்டுக்குள்ள சைஸ் மாறுற அரேயை கிளாங் ஏத்துக்கவே மாட்டேன்னுடுச்சு, கெர்னல் ஆளுங்கதான் ஒவ்வொரு இடமா மாத்தினாங்க. அசெம்பிளி கோட்ல இருந்து சி லேபிளுக்கு தாவுற ஆஸ்ம் கோட்டோ விஷயத்துல கிளாங் இறங்கி வந்து 2019ல வெர்ஷன் 9ல சேர்த்துச்சு. திறமையான ஆளுங்க, பெரிய கம்பெனிகளோட ஆதரவு எல்லாம் இருந்தே இவ்வளவு நாள் ஆச்சு, நாலு பேர் இருக்கிற டீம்ல இது நடக்கிற காரியமா சொல்லுங்க. 2022ல 5.18 வெர்ஷன்லதான் கெர்னல் குனூ89ஐ விட்டு குனூ11க்கு வந்துச்சு. அப்பவும் குனூ தான், சுத்த சி இல்ல.

இன்னொன்னு, எக்ஸ்டென்ஷனே தொடாம எழுதினாலும் போர்ட்டபிள் (எந்த கம்பைலர், மெஷின்லயும் ஒரே மாதிரி ஓடுறது) ஆயிடாது. ஒரு எழுத்தை வைக்கிற சார் டைப்புக்கு மைனஸ் மதிப்பு உண்டா இல்லையான்னு ஸ்டாண்டர்ட் சொல்லாம கம்பைலர்கிட்டயே விட்டுடுச்சு. எக்ஸ்86 லினக்ஸ்ல உண்டு, ஆர்ம் லினக்ஸ்ல கிடையாது. இன்புட்ல ஒரு எழுத்து படிக்கிற கெட்சார் கொடுக்கிறதை சார்ல வாங்கி இஓஎஃப்பான்னு (இன்புட் முடிஞ்சதை சொல்ற மைனஸ் எண்) பார்க்கிற லூப் லேப்டாப்ல ஒழுங்கா முடியும், ராஸ்பெர்ரி பைல முடியவே முடியாது. இன்ட்ல வாங்கணும். லாங் டைப்பும் அப்படித்தான், 64 பிட் லினக்ஸ்ல 8 பைட், 64 பிட் விண்டோஸ்ல 4 பைட்.

அதனால புது ப்ராஜெக்ட்னா முதல் நாளே ஜிசிசி, கிளாங் ரெண்டுலயும் பெடான்டிக் போட்டு பில்ட் பண்ணுங்க, முடிஞ்சா ஒரு ஆர்ம் மெஷின்லயும் டெஸ்டை ஓட்டுங்க. எக்ஸ்டென்ஷன் வேணும்னா தாராளமா வச்சுக்கோங்க, ஆனா எல்லாத்தையும் மேக்ரோவா சுத்தி ஒரே ஹெடர் ஃபைல்ல வைங்க, நாளைக்கு கம்பைலர் மாத்துறவர் அந்த ஒரு ஃபைலை திறந்தா போதும்.