ஆண் ஆமை இல்லாத வீட்டில் முட்டையா என்று கேட்ட மருத்துவமனை

ஆணின் துணையே இல்லாமல் பெண் ஆமை முட்டையிடும். குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். இந்த எளிய விஷயத்தை ஒரு கால்நடை மருத்துவருக்குச் சொல்லப்போய் நான் வாங்கிக்கட்டிக்கொண்டதை எழுதாவிட்டால் மனம் ஆறாது.

எங்கள் வீட்டு ஹெர்மன் ஆமை, தரையில் வாழும் வகை, திடீரென்று தீனியை முகர்ந்துகூடப் பார்க்காமல் விலகிப் போகத் தொடங்கினாள். விளக்கடியில் வெப்பம் 35 டிகிரி, வெயிலுக்கு ஈடாகப் புற ஊதாக் கதிர் தரும் யுவிபி விளக்கு புதியது, மூக்கில் சளி இல்லை, கண்கள் குழிவிழவில்லை. நோய்ப்பட்ட ஆமை பெரும்பாலும் ஒரு மூலையில் முடங்கிக் கிடக்கும். இவளோ காலை முதல் மாலை வரை சுவரோரமாக நடந்துகொண்டே இருந்தாள். ஏற முடியாத கல்லில் ஏறி மல்லாந்து விழுந்தாள். சாப்பிடாமல் இருந்தும் எடை குறையவில்லை. வாரந்தோறும் எடைபோட்டு எழுதிவரும் நோட்டுதான் முதல் சந்தேகத்தைக் கிளப்பியது. ஆமை வளர்ப்பவர்கள் வேறு எதை வாங்காவிட்டாலும் ஒரு நல்ல டிஜிட்டல் தராசு வாங்கிவிடுங்கள்.

அடுத்த தடயம் பின்னங்கால்கள். படுத்துறங்கக் குழி பறிக்கும் ஆமை முன்னங்கால்களால் பறிக்கும். முட்டையிடும் குழியைப் பின்னங்கால்களால் பறிக்கும். இவள் பின்னங்கால்களால் பறித்தாள். இடது கால் கொஞ்சம் மண்ணை வழித்து எடுத்து ஓரமாக வைக்கும், பிறகு வலது கால், மறுபடி இடது. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. பாதிக் குழியோடு விட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போய்விடுவாள். இதையெல்லாம் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்பினேன்.

வரவேற்பு மேசையில் இருந்தவர் தடுப்பூசி அட்டையைக் கேட்டார். ஆமைக்குத் தடுப்பூசி கிடையாது என்றேன். அட்டை இல்லாமல் பதிய முடியாது என்றார். நெடுநேர வாக்குவாதத்துக்குப் பிறகு, கணினியில் வேறு வழியில்லை என்று சொல்லி, அவளைப் பூனை என்று பதிந்துகொண்டார்! பெட்டியை வைக்கச் சொன்ன இடத்துக்கு அருகில் ஒரு நாய் ஓயாமல் குரைத்துக்கொண்டிருந்தது. உள்ளே போவதற்குள் இவள் தலையையும் கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டுவிட்டாள். மருத்துவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரொம்பச் சோர்வாக இருக்கிறதே" என்றார்.

வீடியோவைப் பாருங்கள் என்றேன், பார்க்கவில்லை. முட்டையாக இருக்கலாம், எக்ஸ்ரே எடுங்கள் என்றேன். "வீட்டில் ஆண் ஆமை இருக்கிறதா? இல்லையே, பிறகு எப்படி முட்டை வரும்?" என்று சிரித்தார். குடற்புழுவுக்கு ஐவர்மெக்டின், பசியெடுக்க வைட்டமின் ஊசி என்று எழுதத் தொடங்கியபோது நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். ஐவர்மெக்டின் ஆமைகளைக் கொல்லக்கூடிய மருந்து. ஊசி வழியே வைட்டமின் ஏ அளவு மீறிப்போனால் தோல் உரிந்துவிடும். இந்த இரண்டு பெயர்களையும் ஒரு சீட்டில் எழுதிக் கையோடு வைத்திருங்கள். சொன்னால் யாராவது கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அடுத்து, ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய ஒரு மருத்துவரைத் தேடிப் பிடித்தேன். பயணம் நீண்டது. பழைய ரசீதைப் பார்த்த அங்கிருந்த உதவியாளர், "பூனை எங்கே?" என்று கேட்டபோதுதான் எனக்கும் சிரிப்பு வந்தது. மருத்துவர் வீடியோவைக் கடைசிவரை பார்த்தார். எக்ஸ்ரேயில் நான்கு முட்டைகள் பளிச்சென்று தெரிந்தன. எதுவும் உடைந்திருக்கவில்லை, வழியை அடைக்கும் அளவுக்குப் பெரிதாகவும் இல்லை.

முட்டையை வெளித்தள்ளவைக்கும் ஊசியை அவர் உடனே போடவில்லை. முதலில் கால்சியம், வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தல், அதோடு சரியான மண். இந்தக் கடைசி விஷயத்தில்தான் பலருக்கும் சிக்கல் வருகிறது. ஓட்டின் நீளத்துக்குக் குறையாத ஆழம் வேண்டும். மண்ணும் மணலும் கலந்து, தோண்டும் குழி சரியாதபடி ஈரம் இருக்கவேண்டும். மேலே விளக்குச் சூடும் வேண்டும். இடம் பிடிக்காவிட்டால் ஆமை முட்டையை உள்ளேயே வைத்துக்கொள்ளும், பிறகு அதுவே உயிருக்கு ஆபத்தாகும். எட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். தொந்தரவு செய்தால் பாதியில் எழுந்து போய்விடும்.

எங்களுடையவள் ஒரு மாலை நேரத்தில் இட்டாள். மண் இறுகியிருந்த இடத்தில் தன் உடலிலிருந்தே நீரை விட்டு அதை இளக்கிக்கொண்டாள். முடித்ததும் அதே பின்னங்கால்களால் மண்ணை இழுத்து மூடி, அடிவயிற்றால் அழுத்திச் சமப்படுத்தினாள்.

தோண்டி எண்ணினால் மூன்றுதான் இருந்தன. குழி மூடியாகிவிட்டது, பிரச்சினை தீர்ந்தது என்று இருந்துவிடாதீர்கள். எக்ஸ்ரேயில் கண்ட எண்ணிக்கையோடு கட்டாயம் ஒப்பிடுங்கள். மீண்டும் எடுத்த எக்ஸ்ரேயில் நான்காவது உள்ளேயே இருந்தது. தடை எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகுதான் மருத்துவர் அந்த வெளித்தள்ளும் ஊசியை, ஆக்ஸிடோசினை, போட்டார். முட்டை உடைந்திருந்தாலோ சிக்கியிருந்தாலோ அந்த ஊசியே வினையாகிவிடும் என்பதால்தான் எக்ஸ்ரே இல்லாமல் யாரையும் அதைப் போட விடக்கூடாது. வெதுவெதுப்பான நீர்த் தொட்டியில் விட்டுக் காத்திருந்தோம். நான்காவதும் வெள்ளையாக, முழுசாக வந்து விழுந்தது.

தீனி இப்போது மறுபடி மளமளவென்று இறங்குகிறது. ஒரே பருவத்தில் சில வாரங்கள் விட்டு இன்னொரு முறையும் முட்டையிடக்கூடும் என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார். அதனால் மண்ணைக் கலைக்காமல், ஈரம் காயாமல் பார்த்துக்கொள்கிறேன்.